அத்தியாயம் 7: ஃபேடரில் விரல், திரையில் கோடு

எல்லா டிராக்குகளுக்கும் லெவல் வைத்து, ஈக்யூவும் கம்ப்ரசரும் ரீவெர்பும் போட்டு முடித்த பிறகும் ஒரு பாட்டு முழுதாக நிமிர்ந்து நிற்பதில்லை. பல்லவியில் முன்னால் நின்ற குரல், சரணத்தில் ஸ்ட்ரிங்ஸ் சேர்ந்ததும் உள்ளே போய்விடுகிறது. இடையிசையில் புல்லாங்குழல் எடுப்பாக வர வேண்டிய இடத்தில் தபேலா மேலேறி நிற்கிறது. ஒரே இடத்தில் நிறுத்திவைத்த ஃபேடர்களை நம்பி நான்கு நிமிடப் பாட்டை ஓட்டிவிட முடியாது. லெவலும் பாட்டோடு சேர்ந்து நகர வேண்டும். அந்த நகர்வைப் பதிந்துவைத்து, பாட்டு ஓடும்போதெல்லாம் அப்படியே திரும்ப நிகழச் செய்வதுதான் ஆட்டோமேஷன். அதைக் கன்சோலின் ஃபேடரில் செய்வதா, பதிவு மென்பொருளுக்குள் செய்வதா என்பது மிக்ஸிங் பழகுகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. உண்மையில் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நகர்வை எதைக் கொண்டு எழுதுவது என்பது ஒன்று. எழுதியதை எங்கே வைத்துக் காப்பது என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. எழுதுவதற்கு விரலும் ஃபேடரும், காப்பதற்கு மென்பொருள். இதுவே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. இதற்கான காரணங்களையும், இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமான வாதங்களையும் இனிப் பார்க்கலாம்.

ஆட்டோமேஷன் வருவதற்கு முன் மிக்ஸ் என்பது கச்சேரி போலவே அந்த நேரத்தில் நிகழ்த்தப்பட்ட ஒன்று. டேப் ஓடத் தொடங்கியதும் கன்சோலைச் சுற்றி நிற்கும் மூன்று நான்கு பேர் ஆளுக்குச் சில ஃபேடர்களைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று ஃபேடரின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கும். ஒருவர் கை தவறினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இல்லையென்றால் பகுதி பகுதியாக மிக்ஸ் செய்து, டேப்பை பிளேடால் வெட்டி ஒட்ட வேண்டும். 1975இல் டென் சிசி குழுவினர் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் 'ஐம் நாட் இன் லவ்' பாட்டுக்குத் தங்கள் குரல்களையே அடுக்கடுக்காகப் பதிந்தார்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி டிராக்கில் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, ஃபேடர்களை ஏற்றி இறக்கியே கார்டுகளை உண்டாக்கினார்கள். அந்தப் பாட்டில் கன்சோலே வாசிக்கும் கருவி. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டப்பி, ஏற்கெனவே பதிவான பாட்டுகளை ஃபேடர், மியூட், எக்கோ ஆகியவற்றை அந்தந்தக் கணத்தில் இயக்கியே வேறு இசையாக மாற்றினார். டப் என்ற இசைவகையே அப்படிப் பிறந்தது. ஃபேடரின் நகர்வு இசை சார்ந்த ஒரு தீர்மானம் என்பதற்கு இவற்றைவிட வலுவான சான்று தேவையில்லை. எவ்வளவு ஏற்றுவது என்பதோடு, எவ்வளவு மெதுவாக ஏற்றுவது, எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல்லில் நிறுத்துவது என்பதும் அதில் அடக்கம். கையால் செய்த அந்த மிக்ஸில் இருந்த பெருங்குறை, மறுநாள் யாராவது ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னால் முழுப் பாட்டையும் மறுபடி நிகழ்த்த வேண்டும் என்பதுதான்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1970களில் கன்சோல் ஆட்டோமேஷன் வந்தது. முதலில் பரவியது விசிஏ முறை. இதில் ஒலி ஃபேடர் வழியாகப் போவதில்லை. மின்னழுத்தத்தால் கட்டுப்படும் ஒரு பெருக்கி வழியாகப் போகிறது. ஃபேடர் அந்தப் பெருக்கிக்கு எவ்வளவு என்று சொல்லும் மின்னழுத்தத்தை மட்டும் அனுப்புகிறது. அதைப் பதிந்துவைத்தால் நகர்வைப் பதிந்ததாகிவிடும். தொடக்கத்தில் அந்தத் தகவலை மல்டிடிராக் டேப்பிலேயே ஒரு டிராக்கில் எழுதினார்கள். திருத்தும்போது ஒரு டிராக்கிலிருந்து படித்து, மாற்றத்தையும் சேர்த்து இன்னொரு டிராக்கில் எழுத வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திலும் சிறு தாமதம் சேரும். பல முறை திருத்தினால் நகர்வுகள் பாட்டுக்குப் பின்னால் இழுபடும். விசிஏ முறையில் ஃபேடர் தானாக நகராததால் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஃபேடர் நிற்கும் இடம் ஒன்று, ஒலியின் உண்மையான லெவல் வேறொன்று. திருத்தத் தொடங்கும் முன் சிறு விளக்குகளைப் பார்த்து இரண்டையும் பொருத்திக்கொள்ளாவிட்டால் லெவல் சட்டென்று தாவும். 1977இல் நீவ் நிறுவனத்தின் நெக்காம், லண்டனில் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டுடியோவுக்கு வந்தது. அதில் மோட்டார்கள் ஃபேடர்களையே நகர்த்தின. கை எங்கே விட்டதோ அங்கே ஃபேடர் இருந்தது. தொட்டால் போதும், அந்த இடத்திலிருந்தே திருத்தலாம். பின்னாளில் எஸ்.எஸ்.எல். நிறுவனம் அல்டிமேஷன் என்ற பெயரில் இரண்டு முறைகளையும் ஒரே கன்சோலில் தந்தது.

ஆனால் கன்சோல் நினைவில் வைத்துக்கொண்டது பெரும்பாலும் ஃபேடர் நகர்வையும் மியூட்டையும்தான். ஈக்யூ குமிழ்கள், கம்ப்ரசர் குமிழ்கள், சென்ட் லெவல்கள் எல்லாம் அதற்கு வெளியே நின்றன. 1980களில் உலகெங்கும் பரவிய எஸ்.எஸ்.எல். 4000 வரிசையின் புகழ்பெற்ற டோட்டல் ரீகால் கூட, எந்தக் குமிழ் எங்கே நின்றது என்று திரையில் காட்டும். குமிழைத் திருப்ப வேண்டியது உதவியாளரின் கை. கன்சோலுக்கு வெளியே ரேக்கில் இருந்த கருவிகளின் நிலைகளைத் தாளில் எழுதிவைத்தார்கள். பழைய மிக்ஸை மீண்டும் எழுப்ப மணிக்கணக்கில் ஆகும். அப்படியும் முன்பு கேட்டதுபோலவே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மென்பொருளில் கோப்பைத் திறந்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. ரீவெர்பின் நீளம், டிலேயின் ஃபீட்பேக், ஃபில்டரின் அதிர்வெண் என்று பிளக்இன்னில் உள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் பாட்டோடு நகர்த்தலாம். பழைய கன்சோல் அமைப்புகள் நகர்வை டைம்கோடின் பிரேம் கணக்கிலோ அதன் கால்பங்குக் கணக்கிலோதான் பிடித்தன. விநாடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லிவிநாடி. மென்பொருளில் ஓர் எழுத்தின் தொடக்கத்தை மட்டும் தனியே பிடிக்கலாம்.

ஆகவே, எங்கே காப்பது என்ற கேள்வியில் போட்டியே இல்லை. தமிழ்த் திரைப்பாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் அழுத்தமான உண்மை. ஒரே பாட்டுக்குப் படத்துக்கான மிக்ஸ் வேண்டும், ஆடியோ வெளியீட்டுக்கான மிக்ஸ் வேண்டும், குரலில்லாத கரோக்கி வேண்டும், தெலுங்கிலும் இந்தியிலும் மொழிமாற்றம் ஆகும்போது இசை அப்படியே இருக்கக் குரல் மட்டும் மாற வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மொழிமாற்றப் பாட்டுக்குத் தமிழ்க் குரலின் ஆட்டோமேஷனை அப்படியே நகலெடுத்துப் போடாதீர்கள். அசைகள் வேறு இடங்களில் விழுகின்றன. பாடுகிறவரின் மூச்சும் வேறு. இசைக்கருவிகளின் ஆட்டோமேஷன் வரலாம். குரலுக்குப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

இனி எழுதும் முறைக்கு வருவோம். மென்பொருளில் ஆட்டோமேஷன் எழுதப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் குரல் டிராக்கைப் பெரிதாக்கி, அலைவடிவத்தைப் பார்த்து, தாழ்ந்த இடங்களில் கோட்டை மேலே இழுக்கிறார்கள். அலைவடிவம் காட்டுவது மின்சைகையின் உயரத்தை. காதுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை அது காட்டுவதில்லை. அடித்தொண்டையில் பாடிய ஓர் 'ஊ' திரையில் தடிமனாகத் தெரியும், இசைக்கு நடுவே அமுங்கிக் கேட்கும். கூர்மையான ஒரு 'சி' மெலிந்து தெரியும், காதைக் குத்தும். அதைவிட முக்கியமாக, குரல் தனியாக எவ்வளவு உயரம் என்பது மிக்ஸில் எடுபடாத செய்தி. அந்த நொடியில் வயலின்களும் பேஸும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் குரல் தெரிகிறது அல்லது மறைகிறது. அதைக் கண் பார்க்க முடியாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டே விரல் ஃபேடரில் இருந்தால்தான் தீர்மானம் காதிலிருந்து பிறக்கும். மவுஸ் கொண்டு வரையும்போது பாட்டு பெரும்பாலும் நின்றிருக்கிறது. ஒரு புள்ளியை வைத்துவிட்டு இரண்டு விநாடி ஓட்டிப் பார்க்கிறோம், மறுபடி நிறுத்துகிறோம். நூறு சின்னத் தீர்மானங்கள் சரியாக இருந்தும் பல்லவியிலிருந்து சரணத்துக்கு ஏறும் நீண்ட ஏற்றம் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

தமிழ்ப் பாட்டில் இந்த வேறுபாடு வரியின் இறுதியில் வெளிப்படும். தமிழில் வினை பெரும்பாலும் வரியின் கடைசியில் வருகிறது. வந்தானா, வரவில்லையா, வருவானா என்பது கடைசி இரண்டு மூன்று அசைகளில்தான் தீர்மானமாகிறது. பாடுகிறவருக்கோ அங்கேதான் மூச்சு குறைகிறது, குரல் தணிகிறது. சரியாக அங்கேதான் அடுத்த வரிக்கு முன்னான இசைத்துணுக்கும் நுழைகிறது. கேட்கிறவர் பொருளை இழக்கிறார். கம்ப்ரசர் இதை ஓரளவுதான் தாங்கும். அதற்கு வரியின் பொருள் தெரியாது, சுருக்கத்தை விடும் வேகத்தில் அடுத்த மூச்சிரைப்பையும் சேர்த்துத் தூக்கிவிடும். மிக்ஸ் செய்கிறவர் வரியை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு, கடைசி அசைகள் வரும்போது ஃபேடரை ஒன்றரை, இரண்டு டெசிபல் ஏற்றி, முடிந்ததும் இறக்குவது ஒன்றே வழி. கமகம் நிறைந்த குரலுக்கும் இதுவே பொருந்தும். ஸ்வரத்தைச் சுற்றி அசையும் குரலில் எது பாடகர் வேண்டுமென்றே தணித்தது, எது மைக்கிலிருந்து முகம் விலகியதால் தணிந்தது என்று பாட்டைக் கேட்கும் காதுதான் பிரிக்க முடியும். முதலாவதை அப்படியே விடுங்கள், இரண்டாவதைத் தூக்குங்கள்.

கைக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு சத்தத்தைக் கேட்டு விரல் அசைய ஏறக்குறைய 150 முதல் 200 மில்லிவிநாடி ஆகும். நிமிடத்துக்கு 90 பீட் ஓடும் பாட்டில் ஒரு பீட் 667 மில்லிவிநாடி; அதில் கால்பங்கு 167. அதாவது, கேட்ட பிறகு நகர்த்தும் கை கால் பீட் பின்தங்கித்தான் வரும். தூக்க வேண்டிய அசை அதற்குள் போய்விட்டிருக்கும். பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் ஃபேடரைப் பிடித்தால் கிடைப்பது இந்தத் தாமதமான நகர்வுதான், பலர் கையால் எழுதுவதைக் கைவிடுவதும் இதனால்தான். பாட்டு மனத்தில் பதிந்த பிறகு விரல் சத்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. மிருதங்கக்காரர் சமத்தில் வந்து விழுவதுபோல் முன்கூட்டியே நகரத் தொடங்கும். எனவே எழுதத் தொடங்கும் முன் ஆட்டோமேஷனைப் பதியாமல், ஃபேடரை மட்டும் நகர்த்தி இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள். அதன் பிறகும் கொஞ்சம் பின்தங்கினால் மென்பொருள் கைகொடுக்கும்: எழுதிய ஆட்டோமேஷன் முழுவதையும் தேர்ந்தெடுத்து 50 அல்லது 100 மில்லிவிநாடி முன்னுக்குத் தள்ளிவிடலாம். பழைய கன்சோலில் வேலை செய்தவர்களுக்கு எளிதில் கிடைக்காத வசதி இது. கை எழுதியதை மென்பொருள் காப்பதால் வரும் பலன் இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும்.

எந்த ஃபேடரில் எழுதுவது என்பதும் சாதாரணக் கேள்வி அல்ல. முழு நீள ஃபேடரின் ஓட்டம் 100 மில்லிமீட்டர். பெரும்பாலான ஃபேடர்களில் பூஜ்ஜிய டெசிபல் குறியைச் சுற்றி ஒரு டெசிபலுக்கு ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. கீழே மைனஸ் 40 பக்கம் போனால் ஒரு டெசிபல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரல் லேசாக நடுங்கினாலே லெவல் குதிக்கும். இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: எழுதத் தொடங்கும் முன் கிளிப் கெயினையோ டிரிம்மையோ கொண்டு ஒவ்வொரு முக்கிய டிராக்கின் ஃபேடரும் பூஜ்ஜியத்துக்கு அருகில் நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 25இல் நிற்கும் ஃபேடரில் நுணுக்கமாக எழுத முடியாது. கருவியின் படிகளையும் பாருங்கள். சாதாரண மிடி கன்ட்ரோலர் ஃபேடருக்கு 128 படிகள்தான். மேலே அது ஒரு படிக்கு டெசிபலில் கால்பங்குக்கும் சற்று மேல், கீழே பெரிய தாவல்களாகக் கேட்கும். மேக்கி கன்ட்ரோல் வகைக் கருவிகளில் 1,024 படிகள் கிடைக்கின்றன. லெவலுக்கு அது தாராளம். அவிட் நிறுவனத்தின் கருவிகள் பயன்படுத்தும் யூகான் முறை அதைவிடவும் நுட்பமானது. 60 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள மலிவான ஃபேடர்களையும், மோட்டார் இல்லாத ஃபேடர்களையும் குரலுக்கு நம்ப வேண்டாம். மோட்டார் இல்லாவிட்டால் அன்று விசிஏ கன்சோலில் இருந்த பழைய தொல்லை திரும்பி வரும்: ஃபேடர் ஓரிடத்தில், லெவல் வேறிடத்தில்.

மென்பொருளின் எழுதும் முறைகளைப் பற்றிச் சுருக்கமாக. ரைட் முறையில் பாட்டு ஓடும் நேரமெல்லாம் பழையது அழிந்து புதியது எழுதப்படும். தெரியாமல் விட்டுவிட்டால் ஒரு நாள் வேலை போய்விடும், எனவே அதன் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. டச் முறையில் விரல் ஃபேடரில் இருக்கும்வரை எழுதும்; எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு சொல்லை, ஒரு வரியின் முடிவைத் தூக்க இதுவே சரி. லாச் முறையில் விரலை எடுத்த பிறகும் விட்ட இடத்திலேயே நிற்கும். சரணம் முழுவதும் ஸ்ட்ரிங்ஸை ஒரு படி இறக்கிவைக்க இது பயன்படும். டிரிம் முறைதான் அதிகம் கவனிக்கப்படாதது, ஆனால் மிகவும் மதிப்புள்ளது. எழுதிய நகர்வின் வடிவத்தை மாற்றாமல் மொத்தத்தையும் அரை டெசிபல் ஏற்றவோ இறக்கவோ அது உதவுகிறது. இயக்குநர் குரல் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டால், நுணுக்கமாக எழுதிய கோட்டைத் தொடாமல் டிரிம்மில் முடித்துவிடலாம். கன்சோல்கள் ஒவ்வொரு ஓட்டத்தையும் தனி மிக்ஸாகச் சேமித்துவைத்தன. அந்த நல்ல பழக்கத்தை மென்பொருளிலும் பின்பற்றுங்கள். ஒரு நல்ல ஓட்டம் முடிந்ததும் புதிய பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒலி போகும் பாதையில் நகர்வு எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் எவ்வளவு அழகாக எழுதினாலும் பலனில்லை. சேனலில் செருகிய கம்ப்ரசர் ஃபேடருக்கு முன்னால் இருக்கிறது. 2011இல் புரோ டூல்ஸ் 10ஆம் பதிப்போடு வந்த கிளிப் கெயின் அந்தக் கம்ப்ரசருக்கும் முன்னால் இருக்கிறது. 4:1 விகிதத்தில் சுருக்கிக்கொண்டிருக்கும் கம்ப்ரசருக்கு முன்னால் 3 டெசிபல் ஏற்றினால் வெளியே வருவது முக்கால் டெசிபல். ஃபேடரில் ஏற்றினால் 3 டெசிபலும் முழுதாக வரும். எனவே சொல்லுக்குச் சொல் உள்ள கரடுமுரடை, வெடித்து வரும் எழுத்துகளை, இரண்டு டேக்குகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கிளிப் கெயினில் முதலில் சமன்செய்யுங்கள். கம்ப்ரசர் அளவாக வேலை செய்யும். பாட்டின் உணர்ச்சிக்காகச் செய்யும் ஏற்ற இறக்கத்தை ஃபேடரில் எழுதுங்கள். மிக்ஸ் முழுவதும் ஒரு பஸ் கம்ப்ரசர் வழியாகப் போகிறது என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். குரலை ஏற்றும்போது அது மற்ற இசையையும் சேர்த்து அமுக்கும். குரல் நீங்கள் ஏற்றிய அளவுக்கு ஏறாது, மற்ற இசை கொஞ்சம் பின்வாங்கும். பஸ் கம்ப்ரசரை முதலில் போட்டுவிட்டு அதனூடே கேட்டுக்கொண்டே எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு அதைச் சேர்த்தால் எல்லா நகர்வும் நிலைமாறும். ரீவெர்புக்கான சென்ட் ஃபேடருக்குப் பின்னால் இருந்தால் குரலோடு ரீவெர்பும் ஏறும். பெரும்பாலும் அதுவே வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது: ஃபேடரில் எழுதினாலும் மவுஸில் வரைந்தாலும் மைனஸ் 4.2 டெசிபல் மைனஸ் 4.2 டெசிபல்தானே, ஒலியில் என்ன வேறுபாடு? வேறுபாடு இல்லை, இதை முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபேடரில் எழுதியதால் ஒலிக்குத் தனி இனிமை வந்துவிடாது. ஆனால் மைனஸ் 4.2 என்ற அந்த எண்ணை, அந்தச் சொல்லில், அந்த வேகத்தில் தேர்ந்தெடுத்தது எது என்பதே கேள்வி. பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த கை தேர்ந்தெடுக்கும் எண்ணும், நின்றுபோன படத்தைப் பார்த்த கண் தேர்ந்தெடுக்கும் எண்ணும் ஒன்றாக அமைவது அரிது. இரண்டாவது: குரலைத் தானே ஏற்றி இறக்கும் பிளக்இன்கள் இருக்கும்போது விரல் எதற்கு? வேவ்ஸ் நிறுவனத்தின் வோக்கல் ரைடர் போன்றவை குறித்த எல்லைக்குள் குரலை வைத்திருக்க நன்றாகவே உதவும்; பேச்சுக்கும் நேரம் குறைந்த வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் எந்தச் சொல் பாட்டின் உயிர் என்று அவற்றுக்குத் தெரியாது, பாடகர் வேண்டுமென்றே தணித்த வரியையும் அவை தூக்கிவிடும். அவை எழுதித் தரும் கோட்டைத் தொடக்கமாக வைத்து, டிரிம்மில் கையால் திருத்துங்கள். மூன்றாவது வாதம் கன்சோல் பக்கத்திலிருந்து வருகிறது: கன்சோலில் ஓட்டிய மிக்ஸின் ஒலியே தனி. அனலாக் கன்சோலின் மின்சுற்றுகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒலிக்கு ஒரு நிறம் தருவது உண்மை. ஆனால் அது ஒலியின் நிறம் பற்றிய தேர்வு, ஆட்டோமேஷன் பற்றியது இல்லை. இரண்டையும் ஒரே முடிவாக எடுக்கத் தேவையில்லை. கன்சோல் செய்கிறவர்களே இதைப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு 2004இல் வந்த எஸ்.எஸ்.எல். ஏடபிள்யூஎஸ் 900 சான்று. ஒரே மேசையில் அனலாக் கன்சோலும் மென்பொருளை இயக்கும் ஃபேடர்களும் சேர்ந்திருந்தன.

நான்காவது எதிர்வாதம்தான் எடையுள்ளது: கையால் எழுத நேரம் அதிகம் ஆகும். பாட்டு ஓடும் நேரத்தில்தான் எழுத முடியும் என்பதால் குரல், தாளம், ஸ்ட்ரிங்ஸ், கோரஸ் என்று ஒவ்வொன்றாக எழுதினால் நான்கு நிமிடப் பாட்டு பல மடங்கு நேரம் தின்னும். இதற்கு விடை எல்லாவற்றையும் கையால் எழுதக் கூடாது என்பதே. டிராக்குகளைக் குழுக்களாக்குங்கள். முன்னணிக் குரல், தாளம், மெலடிக் கருவிகள், ரீவெர்ப் ரிட்டர்ன் என்று நான்கு ஃபேடர்கள் இருந்தால் பெரும்பாலான பாட்டுகளின் உணர்ச்சி ஏற்றத்தைக் கையில் பிடித்துவிடலாம். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது மவுஸுக்கு எட்டாத ஒன்று கிடைக்கிறது: குரல் முடியும் இடத்தில் ஒரு விரல் இறங்க, புல்லாங்குழலில் இன்னொரு விரல் ஏற, ஒன்று மற்றொன்றுக்கு இடம்விடுவது ஒரே அசைவாக நிகழும். நாதஸ்வரமும் தவிலும் உள்ள பாட்டில் இதன் பயன் உடனே தெரியும். தவிலின் அடி எவ்வளவு முன்னே நிற்கலாம் என்பது நாதஸ்வரம் எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நொடிக்கு நொடி மாறும்.

மவுஸ்தான் சரியான கருவி என்று சொல்ல வேண்டிய இடங்களும் பல. பாடாத இடங்களில் குரல் டிராக்கை மியூட் செய்வது, ஒரே ஒரு 'ஸ' ஒலியை மூன்று டெசிபல் இறக்குவது, மூச்சுச் சத்தத்தைத் தணிப்பது, வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் டிலேயைத் திறந்துவிடுவது, பீட்டுக்குச் சரியாக ஃபில்டர் திறப்பது ஆகியவற்றில் இசையின் வளைவு என்று எதுவும் இல்லை. சரியான இடமும் சரியான எண்ணும்தான் தேவை. டால்பி அட்மாஸ் மிக்ஸில் 128 வரை டிராக்குகளும் அவற்றில் பெரும்பகுதி முப்பரிமாண வெளியில் நகரும் ஆப்ஜெக்ட்டுகளும் என்றாகும்போது, ஒவ்வொன்றின் இடத்தையும் மென்பொருள்தான் ஏந்த முடியும். ஒரு பழைய கன்சோலில் அதற்கு வழியே கிடையாது. அங்கேயும் ஒரு குரலோ கருவியோ கேட்கிறவரைச் சுற்றிவரும் நகர்வை ஜாய்ஸ்டிக்கில் கையால் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் முன்பு சொன்னதேதான்.

வேலையின் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம். நகர்வே இல்லாத நிலையான சமனை முதலில் முடித்துவிடுங்கள். அது சரியாகாமல் ஆட்டோமேஷனில் இறங்கினால், சமன்செய்ய வேண்டியதையெல்லாம் நகர்வால் மூடிமறைத்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு கிளிப் கெயினில் குரலைச் செப்பனிடுங்கள். அதன் பிறகு மானிட்டரின் ஒலியளவை, அருகில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசும் அளவுக்கு இறக்குங்கள். குரல் எங்கே தொலைகிறது என்பது சத்தமாகக் கேட்கும்போது தெரியாது. திரையை அணைத்துவிட்டு அல்லது வேறு பக்கம் திருப்பிவிட்டு, டச் முறையில் குரலை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாக எழுதுங்கள். நடுவில் ஓர் இடம் தவறினாலும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பாட்டின் நீண்ட ஏற்றம் கையை விட்டுப் போய்விடும். அடுத்த ஓட்டத்தில் குழுக்கள். அதற்கடுத்து டிரிம்மில் மொத்தத்தையும் ஒரு முறை. இவையெல்லாம் முடிந்த பிறகே திரையைத் திருப்பி மவுஸை எடுங்கள். சிறு தவறுகளைத் திருத்துங்கள், பின்தங்கிய நகர்வுகளை முன்தள்ளுங்கள், மியூட்டுகளை வையுங்கள். கை எழுதிய கோடு திரையில் கொஞ்சம் தள்ளாடித் தெரிந்தால் அதை நேராக்கத் தோன்றும். கேட்டுப் பார்த்துக் குறை தென்பட்டால் மட்டும் நேராக்குங்கள்.

ஆட்டோமேஷனுக்காக மட்டும் கன்சோல் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை அறையின் ஒலியமைப்புக்கும் மானிட்டருக்கும் செலவிடுங்கள். ப்ரீசோனஸ் ஃபேடர்போர்ட் போல, தொடுதலை உணரும் ஒரே ஒரு 100 மில்லிமீட்டர் மோட்டார் ஃபேடர் போதும். வேலை பெருகினால் எட்டு ஃபேடர் கருவிக்கு மாறிக்கொள்ளலாம். அதற்கும் இப்போது வழியில்லை என்றால், கோடு வரைவதை விட்டுவிட்டு, பாட்டை ஓடவிட்டு, டச் முறையில் திரையில் உள்ள ஃபேடரையே மவுஸால் பிடித்து நகர்த்தி எழுதுங்கள். அடுத்து மிக்ஸ் செய்யப்போகும் பாட்டின் முன்னணிக் குரலை மட்டுமாவது இப்படி எழுதிப் பாருங்கள்.